லேசர் பெட்டிக்குள் சூடு: பெரிய ஃபேன் வாங்குவதற்கு முன்னால்

"காலையில் ஒழுங்காக ஓடுகிறது, மத்தியானம் இரண்டு மணிக்கு மேல்தான் படம் நகர்ந்துபோகிறது" என்று, மரத்தில் படம் வரையும் உங்கள் லேசர் மெஷினைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது, தம்பி.

நீங்கள் சொன்னதை நான் புரிந்துகொண்ட விதம் இது. பெங்களூர் அல்சூரில் வீட்டு மாடியில் ஷீட் போட்ட அறை. 40 வாட் என்று அச்சடித்த நீல டையோடு லேசர், மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்கும் ஏ4988 டிரைவர் மூன்று, அவற்றுக்குக் கட்டளை அனுப்பும் ஆர்டுயினோ போர்டு, 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை. லேசர் தலையைத் தவிர மற்ற எல்லாமே 30க்கு 20க்கு 12 சென்டிமீட்டர் பிளைவுட் பெட்டி ஒன்றில். அதில் 40 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று. நாற்பது நிமிடம் ஓடியதும் படம் ஒரு பக்கமாக நகர்கிறது, சில நாள் போர்டே ரீசெட் ஆகிறது. பெரிய ஃபேன் போடட்டுமா, பெல்டியர் (கரண்ட் கொடுத்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகும் தகடு) வைக்கட்டுமா, வாட்டர் கூலிங்கே செய்துவிடட்டுமா என்பது கேள்வி. தீபாவளிக்குள் 40 வாட் சிஓ2 (கார்பன் டை ஆக்சைடு) லேசர் டியூப்பும் போடப்போகிறீர்கள்.

பீன்யாவில் இருபது வருடத்துக்கு மேலாக சிஎன்சி, லேசர் மெஷின்களுக்கு பேனல் வேலை பார்க்கிறேன். சூட்டினால் நின்றுபோன பெட்டி ஒன்றைத் திறக்கும்போது நான் முதலில் ஃபேனைப் பார்ப்பதில்லை. எந்தப் பாகம் சூட்டைக் கிளப்புகிறது, அந்தச் சூடு எந்த வழியாக வெளியே போகிறது, அந்த வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்றுதான் தேடுவேன். வழி இல்லாத பெட்டியில் எவ்வளவு பெரிய ஃபேன் போட்டாலும் அது உள்ளே இருக்கிற சூட்டுக் காற்றையே கிண்டிக்கொண்டிருக்கும்.

முதலில் எது படுத்துக்கொள்கிறது என்று பார்ப்போம். படம் ஒரே திசையில், எக்ஸ், அதாவது இடவலப் பக்கம் மட்டும் நகர்கிறது என்றால் அந்த எக்ஸ் டிரைவர்தான். ஏ4988 சிப் அளவுக்கு மீறிச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். அந்த நேரத்தில் மோட்டாருக்கு கரண்ட் கிடையாது. கொஞ்சம் ஆறியதும் மறுபடி ஓட ஆரம்பிக்கும். ஆனால் நடுவில் ஆர்டுயினோ அனுப்பிய ஸ்டெப்புகள் (மோட்டார் எடுத்துவைக்க வேண்டிய சின்னச் சின்ன அடிகள்) வீணாகிவிட்டன, அது ஆர்டுயினோவுக்குத் தெரியாது. அதனால் அதற்குப் பிறகு வரைந்த எல்லாமே நாலைந்து மில்லிமீட்டர் தள்ளி விழும். பெல்ட் தளர்வாக இருந்தாலும் படம் நகரும். ஆனால் பெல்ட்டுக்குக் காலையும் மத்தியானமும் ஒன்றுதான். கோடு நகராமல் மங்கிக்கொண்டே போனால் டையோடு சூடாகிறது. போர்டு ரீசெட் ஆனால், 24 வோல்ட்டை 5ஆகக் குறைத்துப் போர்டுக்குக் கொடுக்கும் ரெகுலேட்டரைச் சந்தேகப்படுங்கள். உங்களிடம் டிரைவரும் ரெகுலேட்டரும் இரண்டுமே திணறுகின்றன என்று நினைக்கிறேன்.

ரெகுலேட்டரை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் எளிது. நீங்கள் அனுப்பிய போட்டோவில் 7805 ரெகுலேட்டர் தெரிகிறது, 24 வோல்ட்டை நேரே அதில் கொடுத்திருக்கிறீர்கள். ஆர்டுயினோ, ரிலே, சென்சார் எல்லாம் சேர்ந்து 250 மில்லி ஆம்பியர் இழுத்தால், 24இல் 5 போக மீதி 19 வோல்ட், பெருக்கினால் 4.75 வாட். இத்தனையும் விரல் நகம் அளவு பாகம் ஒன்றில் சூடாக மாறுகிறது. ஹீட்சிங்க் (சூட்டை இழுத்துக் காற்றில் விடும் உலோகத் தகடு) இல்லாத 7805 ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும். கணக்குப்படி 300 டிகிரி வரும். அவ்வளவு தூரம் போவதற்கு முன்பே அது தன்னை அணைத்துக்கொள்ளும், உங்கள் போர்டு ரீசெட் ஆகும். நீங்கள் மாட்டியிருக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு இதைத் தள்ளிப்போடுமே தவிரத் தீர்க்காது. எல்எம்2596 பக் மாட்யூல் (வோல்ட்டை அதிகம் சூடாக்காமல் குறைக்கும் சின்னப் போர்டு) ஒன்றை வாங்கி அந்த இடத்தில் போடுங்கள். அதே வேலைக்கு அரை வாட்டுக்குள்தான் வீணாகும். எஸ்.பி. ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் ஒரு நல்ல ஃபேனை விடக் குறைவு. மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டர் வைத்து வெளியே வரும் வோல்ட்டை 5க்குத் திருகி வையுங்கள், வாங்கி வந்தபடியே இணைத்துவிடாதீர்கள்.

அடுத்தது ஸ்டெப்பர் டிரைவர். இங்கே நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். ஏ4988 இரண்டு ஆம்பியர் தரும் என்று போட்டிருக்கும். ஹீட்சிங்க்கும் காற்றும் இல்லாமல் சுமார் ஒரு ஆம்பியர் வரைதான் நம்பலாம். அந்தப் போர்டில் இருக்கும் குட்டி திருகைத் திருப்பி வைக்கும் வோல்ட்தான் மோட்டாருக்கு எவ்வளவு கரண்ட் என்று தீர்மானிக்கிறது. சூத்திரம் இது: கரண்ட் என்பது அந்த வோல்ட்டை, கரண்ட்டை அளக்கும் சென்ஸ் ரெசிஸ்டரின் எட்டு மடங்கால் வகுத்தால் வருவது. அந்த ரெசிஸ்டர் எல்லாப் போர்டிலும் ஒன்றாக இருக்காது. சிப்புக்குப் பக்கத்தில் கறுப்பாக இரண்டு செவ்வகம் இருக்கும், அதில் ஆர்100 என்று இருந்தால் 0.1 ஓம், ஆர்050 என்றால் 0.05 ஓம். ஆர்100க்கான கணக்கைப் பார்த்து 0.8 வோல்ட் வைத்தவர் ஒரு ஆம்பியர் என்று நினைத்துக்கொண்டிருப்பார், போர்டில் ஆர்050 இருந்தால் மோட்டாருக்குப் போவது இரண்டு ஆம்பியர். எழுத்து ரொம்பப் பொடி, மொபைலில் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். லேசர் தலை மரத்தைத் தொடுவதே இல்லை. ரவுட்டர் மாதிரி வெட்டும்போது எதிர்த்துத் தள்ளும் விசை கிடையாது. மோட்டார் அந்தச் சின்னத் தலையை இழுத்துக்கொண்டு போனால் போதும். ஆகவே 1.5 ஆம்பியர் நெமா 17 மோட்டாருக்கு அதை முழுசாகக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. கரண்ட்டை 1.4 ஆம்பியரிலிருந்து 1க்கு இறக்கினால் டிரைவரின் சூடு ஏறக்குறைய பாதியாகும், ஏனென்றால் அந்தச் சூட்டில் பெரும்பங்கு கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பத்தான் போகும். 0.8 வரை இறக்கிப் பார்த்து, வேகமாகத் திரும்பும் மூலைகளில் ஸ்டெப் தவறுகிறதா என்று சோதியுங்கள். தவறவில்லை என்றால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

அந்தச் சிப்பின் தலையில் பச்சென்று ஒட்டுகிற குட்டி ஹீட்சிங்க் பற்றியும் ஒரு வார்த்தை. ஏ4988, அதே வேலை செய்யும் டிஆர்வி8825 இரண்டிலுமே சூடு பெரும்பாலும் சிப்பின் அடியில் இருக்கும் உலோகத் தட்டு வழியாகப் போர்டுக்குள்தான் இறங்குகிறது. மேலே இருப்பது பிளாஸ்டிக், அதன் வழியாக வருவது கொஞ்சம்தான். ஒட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கோணலாக ஒட்டினால் பக்கத்துப் பின்னைத் தொட்டு ஷார்ட் ஆகும், சூட்டில் பசை இளகி நகரவும் செய்யும். அதைவிட முக்கியம், டிரைவர் போர்டுக்கு மேலும் கீழும் காற்று தடையில்லாமல் ஓடுவது. போட்டோவில் உங்கள் ஒயர் கட்டு முழுக்க டிரைவர் வரிசைமேல் போர்வை மாதிரி கிடக்கிறது. அதை ஒதுக்கிக் கட்டுவதற்குப் பைசா செலவில்லை.

சூட்டைக் குறைத்தாயிற்று, இப்போது பெட்டி. எஸ்எம்பிஎஸ் பத்து வாட், டிரைவர்கள் ஆறு வாட், ரெகுலேட்டர் ஐந்து. இப்போதைக்கு உங்கள் பெட்டிக்குள் மொத்தம் இருபது, இருபத்தைந்து வாட் சூடு உருவாகிறது. பிளைவுட் சூட்டைக் கடத்தாது. அந்த அளவுப் பெட்டியை மூடி வைத்தால் உள்ளே வெளியைவிடச் சுமார் 25 டிகிரி கூடும் என்பது என் கணக்கு. ஏப்ரலில் பெங்களூர் 34ஐத் தொடும், 2016இல் 39ஐயும் தாண்டியது. ஷீட் கூரைக்கு அடியில் இன்னும் மூன்று நான்கு டிகிரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக உங்கள் டிரைவர் உட்கார்ந்திருக்கும் காற்றே அறுபதைத் தாண்டியிருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் அது நல்லதில்லை, பெரும்பாலானவை 50 டிகிரிக்கு மேல் முழு லோடு எடுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு.

எவ்வளவு காற்று வேண்டும்? வாட்டை 1.76ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி ஏறலாம் என்று விடுகிறீர்களோ அதால் வகுத்தால் சிஎஃப்எம் வரும், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது. 25 வாட், 10 டிகிரி என்றால் 4.4. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, இங்கே காற்று பத்து சதவீதம் லேசு, அதனால் 5 என்று வையுங்கள். 40 மில்லிமீட்டர் ஃபேனே காகிதத்தில் அவ்வளவு தள்ளும். ஆனால் அந்த எண் முன்னால் ஒன்றுமே இல்லாத திறந்த இடத்துக்கானது. உங்கள் பெட்டியில் ஃபேன் உள்ளே ஊதுகிறது, வெளியே போக ஓட்டையே இல்லை. ஒயர் நுழையும் இடுக்கு வழியாக ஏதோ கொஞ்சம் கசிகிறது, அவ்வளவுதான்.

80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று, பால் பேரிங் உள்ளதாகப் பாருங்கள். பெட்டியின் ஒரு முனையில் கீழே வையுங்கள், உள்ளே ஊதும்படி. எதிர் முனையில் மேலே, ஃபேன் ஓட்டையின் அளவுக்குக் குறையாமல் வெளிவழி. நடுவில் காற்று போகும் பாதையில் முதலில் டிரைவர், பிறகு எஸ்எம்பிஎஸ். இரண்டு ஓட்டையையும் பக்கம் பக்கமாக வைத்தால் காற்று குறுக்கு வழியில் போய்விடும், மூலையில் இருக்கும் டிரைவருக்கு ஒன்றும் சேராது.

வெளியே இழுக்காமல் உள்ளே ஊதச் சொல்வதற்குக் காரணம் புகை. எம்டிஎஃப் (மரத்தூளைப் பசையோடு அழுத்திய பலகை) வெட்டும்போது வரும் புகை சாதாரண அடுப்புக் கரி மாதிரி இல்லை, அதில் பசை இருக்கிறது. எங்களிடம் வந்த மெஷின் ஒன்றில், எலெக்ட்ரானிக்ஸ் பெட்டியின் ஃபேன் வெட்டும் அறையிலிருந்தே காற்றை இழுக்கும்படி செய்திருந்தார்கள். திறந்தபோது ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் வெல்லப்பாகு காய்ந்த மாதிரி ஒரு படலம், அதன்மேல் தூசி. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது, தகடுகளுக்கு நடுவே காற்று போக இடம்தான் இல்லை. பெட்டிக்குள் அழுத்தம் வெளியைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தால் இடுக்குகள் வழியாகப் புகை உள்ளே வராது. ஃபேனின் வாயில் ஒரு வலை வடிகட்டி போட்டு, புகை இல்லாத பக்கத்திலிருந்து காற்று எடுங்கள். மாதம் ஒருமுறை வலையைக் கழுவுங்கள், அடைபட்ட வலை மூடின ஜன்னலுக்குச் சமம்.

லேசர் ஓடும் பெரிய பெட்டிக்கும் புகை போக்கி ஓட்டை போடுவீர்கள். அந்த ஓட்டை வழியாக ஒளியும் வெளியே வரும். 450 நானோமீட்டர் நீல ஒளி சாதாரண அக்ரிலிக்கை ஊடுருவும், பளபளப்பான எதிலும் பட்டுத் திரும்பும். ஓட்டைக்கு முன்னால் காற்று இரண்டு முறை வளைந்து போகும்படி தடுப்பு வைத்து, உள்பக்கம் மேட் கறுப்பு அடியுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் மாடிக்கு வருவார்கள் என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் பெட்டியைத் திறந்து வைத்து ஓட்டவே வேண்டாம்.

டையோடு பக்கம் அதிகம் சொல்ல இல்லை. 40 வாட் என்று அச்சடித்திருப்பது பெரும்பாலும் உள்ளே போகும் கரண்ட்டுக்கான எண். வெளிவரும் ஒளி ஐந்து வாட் சுற்றி இருக்கும், மீதி எல்லாம் சூடு. மாட்யூலோடு வந்த ஃபேனும் தகடும் சுத்தமாக இருந்தால் போதும். பெல்டியர் வேண்டாம். 12706 என்று விற்பார்களே, அது இருபது சொச்சம் வாட்டை நகர்த்துவதற்குத் தானே ஐம்பது வாட் தின்னும். இரண்டையும் சேர்த்துச் சூடான பக்கத்திலிருந்து வெளியேற்ற வேண்டும், அதற்கு இன்னும் பெரிய ஹீட்சிங்க். குளிர்ந்த பக்கத்திலோ தண்ணீர் பனிக்கும்.

அளந்து பாருங்கள். ஐஆர் தெர்மாமீட்டர் பளபளப்பான அலுமினியத்தில் பொய் சொல்லும், 70 டிகிரி ஹீட்சிங்க்கை 40 என்று காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, ஒரு நிமிடம் விட்டு, டேப்பின் மேல் அளவு எடுங்கள். கேஎஸ்டி301 தெர்மல் ஸ்விட்ச், 60 டிகிரியில் திறப்பது, ஒன்றை டிரைவர்களுக்குப் பக்கத்தில் திருகி லேசரை எரிய அனுமதிக்கும் என்னேபிள் ஒயரில் தொடராகப் போடுங்கள். எல்லாம் மீறிச் சூடானால் லேசராவது அணையும். தலை ஒரே இடத்தில் நின்று லேசர் எரிந்துகொண்டே இருந்தால் தீப்பிடிக்கும்.

இனி சிஓ2. வாட்டர் கூலிங் கேள்வி உண்மையில் இங்கேதான் வருகிறது. இந்த லேசரை 1964இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் என்பதைப் பையன்களுக்கு நான் எப்போதும் சொல்வேன். டியூப்புக்குள் இருக்கும் கேஸ் சூடானால், ஒளியைக் கொடுத்துவிட்டு மூலக்கூறுகள் இறங்கி வர வேண்டிய கீழ் ஆற்றல் படி முன்பே நிரம்பிவிடும், ஒளி குறையும். அதனால்தான் இதற்குத் தண்ணீர்.

டியூப்புக்குச் சுமார் 15 ஆயிரம் வோல்ட், 18 மில்லி ஆம்பியர், அதாவது 270 வாட். அதில் 40 ஒளியாகப் போனால் 230 வாட் தண்ணீரில் இறங்குகிறது. 20 லிட்டர் பக்கெட் என்றால் ஆறு நிமிடத்துக்கு ஒரு டிகிரி, ஒரு மணி நேரத்தில் பத்து. 23இல் ஆரம்பித்தது 33க்குப் போய்விடும், டியூப்புக்கு 25க்குள் இருப்பது நல்லது. ஒரு லிட்டர் ஐஸ் பாட்டிலை உள்ளே போட்டால் அந்தப் பக்கெட்டை நான்கு டிகிரி இறக்கும். சிடபிள்யூ-3000 என்று விற்பது ரேடியேட்டரும் ஃபேனும்தான், அறைச் சூட்டுக்குக் கீழே அதால் இறக்க முடியாது. டிசம்பரில் இங்கே போதும், ஏப்ரலில் போதாது. கம்ப்ரஸர் உள்ளது சிடபிள்யூ-5000.

கம்ப்ரஸர் வாங்கினால் ரொம்பக் குளிர வைத்துவிடாதீர்கள். நான் ஒரு ஜூலை மாதத்தில் 16 டிகிரிக்கு வைத்தேன். வெளியே மழை, அறையில் 25 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். அந்தக் காற்றில் 21 டிகிரிக்குக் கீழே இருக்கும் எதன்மேலும் தண்ணீர் பனிக்கும். டியூப்பின் கண்ணாடிமேல் பன்னீர் தெளித்த மாதிரி முத்து முத்தாக நின்றது. நான் கவனிக்காமல் சுவிட்சைப் போட்டேன். டிக், டிக் என்று சத்தம், உயர் வோல்ட் வரும் ஆனோடு முனையிலிருந்து இரும்புத் தாங்கிக்கு நீலமாக ஒரு பொறி தாவியது. டியூப் தப்பியது, பவர் சப்ளை தப்பவில்லை. அன்றிலிருந்து மழைக்காலத்தில் 22க்குக் கீழே நான் வைப்பதில்லை. சென்னையில் இருக்கும் உங்கள் அண்ணன் மெஷின் என்றால் 25, 26க்குக் கீழே இறக்கவே யோசிக்க வேண்டும்.

தண்ணீர் கட்டாயம் டிஸ்டில்டு வாட்டர். போர்வெல் தண்ணீரில் உப்பு, அது கரண்ட்டைக் கடத்தும், டியூப்புக்குள் வெள்ளையாகப் படியும். டியூப்பில் தண்ணீர் வெளியேறும் மூக்கு மேலே பார்த்திருக்கட்டும், குமிழி தங்கினால் அந்த இடத்தில் கண்ணாடி விரிசல் விடும். ஏர் கூலரில் போடும் 230 வோல்ட் மோட்டாரைத் தவிர்த்து 24 வோல்ட் டிசி பம்ப் வாங்குங்கள், அதில் கரண்ட் கசிந்தாலும் உங்கள் கையில் ஷாக் அடிக்காது. தண்ணீர் ஓட்டம் நின்றால் லேசரை அணைக்கும் ஃப்ளோ ஸ்விட்ச் இல்லாமல் டியூப்பை எரிக்காதீர்கள். வாடகை வீட்டு பிளக்கில் எர்த் பின்னுக்கு ஒயர் உண்மையிலேயே வருகிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்.

அதெல்லாம் தீபாவளிக்கு. இப்போது பக் மாட்யூலை மாற்றிவிட்டு, மூன்று டிரைவரிலும் அந்தக் கறுப்பு ரெசிஸ்டரில் ஆர்100 இருக்கிறதா ஆர்050 இருக்கிறதா, திருகில் இப்போது எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள். எவ்வளவுக்கு இறக்கலாம் என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.